அங்கமுத்துவின் ஊமை நாய்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஓடி ஓய்ந்த ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசும்போதும் அடுத்த காட்டில் நிற்பவரைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். அங்கமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தொரு வருடம் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் கழிந்தது. பதினேழு வயதில் ராடு தூக்கும் ஆளாக வண்டி ஏறினார், பிறகு டிரில்லர் ஆனார். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று பாதி இந்தியாவில் ஆழ்துளைக் கிணறு போட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு, வைத்துக்கொண்டவர்கள்தான் கிடையாது. பஞ்சு வைத்தால் பாறை மாறுகிற சத்தம் தெரியாது என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் நியாயம். பாறையின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே மற்ற சத்தமெல்லாம் அவரைவிட்டுப் போய்விட்டது.

முழுச் செவிடு என்று சொல்லிவிட முடியாது. லாரி ஹாரன் கேட்கும், இடி கேட்கும், தேர்த் திருவிழா வேட்டு கேட்கும். குக்கர் விசில், காலிங் பெல், கொசு, பேத்தியின் அழுகை மாதிரி மெல்லிய சத்தமெல்லாம் அவரைப் பொறுத்தவரை உலகத்தில் கிடையாது. மகள் சத்யபிரியா வாங்கித் தந்த காது மிஷின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதைப் போட்டால் பேசுகிறவர்கள் எல்லாம் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிறார்களாம். தனக்குக் காது மந்தம் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. “இப்பவெல்லாம் யாருமே வாயத் தொறந்து பேசறதில்லீங்க” என்பார்.

மற்றபடி தங்கமான மனுஷர். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, நாய்ப் பழக்கம் ஒன்றைத் தவிர. ரிக் வண்டி ஒரு ஊரில் போய் நின்றால் அந்த ஊர் நாய் ஒன்று எப்படியோ அவரைத் தேடி வந்துவிடும். தன் தட்டுச் சோற்றில் பாதியை அதற்கு வைப்பார். இரண்டு நாளில் கிணறு முடிந்து வண்டி கிளம்பும்போது அது பின்னாலேயே ஓடி வரும், எல்லை வரைக்கும் வந்து நின்றுவிடும். முப்பத்தொரு வருடமும் அவர் கேபினில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியில் அதைப் பார்த்தார். ஓய்வு பெற்றதும் ஒரு நாய் வளர்க்க வேண்டும் என்று முடிவு செய்தது அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான்.

ஆனால் குடியிருந்தது வாடகை வீட்டில். நல்லம்மாள் என்ற விதவை முன்வீட்டில் இருந்துகொண்டு பின்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். “செவுத்துல ஆணி அடிக்கறதுன்னா ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. ஒரம்பரை, சொந்தபந்தம் வந்தா எத்தன நாளு வேணும்னாலும் இருக்கட்டும். நாய் மட்டும் ஆகாது. அதுல என்ற பேச்சு மாறாதுங்க.”

அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வயதில் அவரை நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். அறுபத்தெட்டு வயதிலும் தெருவில் நாயைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவார். அங்கமுத்துவின் மனைவி கலைமணிக்கு இது தெரியும், தெரிந்ததால் புருஷனின் நாய் ஆசையை ஒன்பது வருடமாக வாசலோடு நிறுத்தி வைத்திருந்தாள். நல்ல வீடு. காவிரித் தண்ணீர் வரும், மலைக்கோயில் தெரியும். இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் ரூமுக்கு ஐந்து பேராக வந்து நிற்கிற ஊரில் இந்த வீட்டை விட்டால் இன்னொன்று கிடைப்பது லேசில்லை.

தை முடிந்ததும் கலைமணி ஓசூருக்குப் போக வேண்டி வந்தது. மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பஸ் ஏறும்போது அவள் புருஷனிடம் சொன்னது ஒன்றுதான். “நான் திரும்பி வாரப்ப இந்த ஊடு நம்மளுக்கு இருக்கோணும். பாத்துக்கங்க.”

“என்ன பாத்துக்கறது? ஊடு எங்க போகப் போவுது?” என்றார் அங்கமுத்து, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி.

அவள் போன பிறகு பொழுது போகவில்லை. காலையில் பழைய முதலாளியின் ரிக் பட்டறைக்குப் போய் ஸ்பேர் சாமான்களுக்குக் காவல் இருப்பார், ஒரு மணிக்கு வந்துவிடுவார். சோறு ஆக்கினால் உப்பு தூக்கலாக இருக்கும், அதைக் குறை சொல்லக்கூட ஆள் இல்லை. சாயங்காலம் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். பேத்தி வாயைத் திறந்து அழுவது தெரியும், கலைமணி உதடு அசைவது தெரியும். எல்லாவற்றுக்கும் “ஆமா, ஆமா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

அந்த மாசியில்தான் பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் நாய் குட்டி போட்டது. ஐந்து குட்டிகளில் நான்கை ஆட்கள் தூக்கிப்போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது செவலை நிறத்தில் ஒரு பெட்டை, ஒரு காது மடிந்தது. அங்கமுத்து குந்தவைத்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தது, மூடியது. ஒன்றுமில்லை.

அடப் பாவமே, ஊமை, என்று நினைத்தார் அங்கமுத்து.

அடுத்த நிமிஷமே புத்தி வேறு பக்கம் ஓடியது. நல்லம்மா அக்கா வீட்டில் வளர்க்க முடிகிற நாய் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். குலைக்காத நாய் இருப்பது யாருக்குத் தெரியும்? கடவுளே பார்த்து வாயை அடைத்து அனுப்பியிருக்கிறார். ஒயர் கூடையில் துண்டை விரித்து, குட்டியை வைத்து, மேலே இன்னொரு துண்டைப் போட்டு, பின்சந்து வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் கூடை கத்திக்கொண்டே வந்தது. சந்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கமுத்து யாரையும் பார்க்காமல், திருடனுக்குரிய கம்பீரத்தோடு நடந்தார்.

அதற்கு அம்மிணி என்று பெயர் வைத்தார். ரகசியம் காப்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. முன்கதவை எப்போதும் உள்தாழ் போட்டே வைத்தார், போக்குவரத்து எல்லாம் பின்கதவு வழியாக. பட்டறைக்குப் போகும்போது துணைக்கு டிவியைப் போட்டுவிட்டுப் போனார். காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி, “அம்மிணி, வா கண்ணு, வா சாமி” என்று தன் கணக்கில் கிசுகிசுப்பார். அம்மிணி நான்கு காலிலும் துள்ளி, வாலை ஆட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். பேச முடியாத பிள்ளை என்னென்னவோ சொல்ல நினைக்கிறதே என்று அதை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். “எனக்குத் தெரியுது கண்ணு, நீ சொல்லவே வேண்டாம்” என்பார்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. வீட்டில் ஓர் உயிர் இருப்பது என்ன செய்யும் என்பதை அவர் அப்போதுதான் கண்டார். யாராவது கதவுக்குப் பக்கம் வந்தால் அம்மிணி ஓடி வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கும். குக்கர் விசில் அடித்தால் அடுப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கும். மூன்று மாதமாக அவர் ஆக்கிய பருப்பு அடிப்பிடிக்காமல் வந்ததற்கு அதுதான் காரணம். இன்னொரு அதிசயமும் நடந்தது. கலைமணி ஊருக்குப் போன நாளிலிருந்து நல்லம்மா அக்கா தினமும் காலையில் வந்து கதவை இடித்துக்கொண்டு நிற்பார், “பால் வாங்கியாச்சுங்களா” என்று ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு. அம்மிணி வந்த ஒரு வாரத்தில் அது சுத்தமாக நின்றுபோயிற்று. அங்கமுத்து மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அவர் ரகசியத்தைச் சொன்னது ஒரே ஒருவரிடம். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் வேலுமணியிடம். வேலுமணியும் ஒரு காலத்தில் அவரோடு ரிக்கில் ஓடியவன்தான், காது போவதற்குள் இறங்கிவிட்ட புத்திசாலி.

“யாருகிட்டயும் சொல்லீராத. நாய் ஒண்ணு வளக்கறேன். மூணு மாசமாகுது, ஒருக்காகூடக் குலைச்சதில்ல. ஊமை.”

வேலுமணி டீ ஆற்றுவதை நிறுத்தினான். கடையில் இருந்த ஆறு பேரும் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள். “அப்படிங்களாண்ணா” என்றான் வேலுமணி கடைசியில். “ஊமைன்னா நல்லதுதானுங்க.”

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நல்லம்மாள் அவரை நிறுத்தினார். கையை ஆட்டி, முகத்துக்கு நேராகத் தெளிவாகச் சொன்னார். “ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வாரேன். ஒண்ணு பேசோணும். ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருக்கறன்.”

ஒன்பது வருடத்தில் அந்த அம்மாள் அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசியதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் அப்படி வருவார்கள். அங்கமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கலைமணி பஸ் ஏறும்போது சொன்னதுதான் மனதில் ஓடியது. அவள் ஓசூரில் இடுப்பு ஒடிய குழந்தையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். திரும்பி வரும்போது சட்டி பானையோடு தெருவில் நிற்க வைக்க முடியுமா? வீடா, நாயா என்று இரண்டு நாள் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பதில் தெரிந்த கேள்வியை வைத்துக்கொண்டு அம்மிணியின் மடிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்வதற்குள் எழுந்தார். பால் காய்ச்சவில்லை. குட்டி வளர்ந்துவிட்டது, ஒயர் கூடையில் அடங்காது. அரைத்தூக்கத்தில் இருந்ததை அப்படியே தூக்கித் துண்டில் சுற்றி, பின்கதவைப் பூட்டிக்கொண்டு, டிவிஎஸ் வண்டியைச் சந்து முனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தார். பட்டறையில் அதன் தாய் இருந்த அதே லாரிக்கு அடியில் கயிற்றால் கட்டினார், பின்னால் ஓடி வந்துவிடக் கூடாது என்று. வரும் வழியில் வாங்கிய பாலைக் கிண்ணத்தில் ஊற்றினார். அது குடிக்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு, கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் கிளம்பினார். வண்டியில் கண்ணாடி இருந்தது. கேட்டைத் தாண்டும்வரை அந்த வாய் திறந்து மூடுவது அதில் தெரிந்தது. கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேராக வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மலையடிவாரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஏழரைக்குத் தெருவுக்குள் நுழைந்தால் அவர் வீட்டு முன்னால் இருபது பேர் நின்றார்கள். வேலுமணி கடப்பாரையை முன்கதவின் இடுக்கில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தான். படியில் நல்லம்மாள் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயை மூடியிருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கதவு ஒரு பக்கமாகப் பிளந்து உள்ளே விழுந்தது. அந்தச் சத்தம் அங்கமுத்துவுக்கே கேட்டது.

“ஏப்பா, ஏப்பா, அக்கா ஊட்டுக் கதவை ஏன்ப்பா ஒடைக்கற?” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

எல்லோரும் திரும்பினார்கள். வேலுமணி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நல்லம்மாள் எழுந்து வந்து அங்கமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதார்.

“என்னாச்சு?” என்றார் அங்கமுத்து.

வேலுமணி அவர் காதுப் பக்கம் வந்து உரக்கச் சொன்னான். “இன்னிக்கு நாய் குலைக்கலீங்கண்ணா.”

“எந்த நாய்?” என்றார் அங்கமுத்து. அந்த நிலையிலும் ரகசியத்தைக் காப்பாற்றினார்.

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக, ஊருக்கே கேட்கச் சொன்னார். “கலைமணி போறப்ப என்ற கையப் புடிச்சுச் சொல்லீட்டுப் போனா. அவருக்குக் காது கேக்காது, தனியா இருக்கறாரு, தெனம் காலைல ஒருக்கா கதவத் தட்டிப் பாருங்கக்கான்னு. நானும் தட்டுவேன். நீங்க எங்க தொறப்பீங்க? அரை மணி நேரம் இடிப்பேன். உள்ள கெடக்கறீங்களோ, போயிட்டீங்களோன்னு என்ற உசுரு துடிக்கும். ஒரு நாள் நீங்க அம்மிணி, வா கண்ணுன்னு கூப்பிட்டது முன்னூடு வரைக்கும் கேட்டுது. பொண்டாட்டி ஊருக்குப் போனதும் இந்த மனுசனுக்கு என்ன கேடுன்னு நின்னேன். அதுக்குள்ள அது பதில் சொல்லுச்சு, வள்ளு வள்ளுன்னு.”

அங்கமுத்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கே காலி பண்ணுங்கன்னு சொல்லோணும்னு வந்தேன். படியில ஏறறதுக்குள்ள நெனச்சேன். அது கத்துனா நீங்க எந்திரிச்சுட்டீங்கன்னுதானே அர்த்தம்? அப்பறம் எதுக்கு நான் கதவ இடிக்கோணும்? அன்னையில இருந்து காலைல அதோட சத்தத்தக் கேட்டாத்தான் நான் காப்பி குடிக்கறது. இந்தத் தெருவுல எல்லாத்துகிட்டயும் நாந்தான் சொல்லி வெச்சேன், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னு. இன்னிக்கு மணி ஏழாகியும் சத்தத்தக் காணோம். முன்கதவு உள்ளார தாழ் போட்டிருக்குது, பதட்டத்துல பின்பக்கம் போயிப் பாக்கோணும்னு ஒருத்தருக்கும் தோணல. நான் என்னன்னு நெனைக்கறது?”

அங்கமுத்து வேறு யாரிடமும் கேட்கக் கூசியதுபோல வேலுமணியைப் பார்த்துக் கேட்டார். “அது குலைக்குமா?”

“அண்ணா” என்றான் வேலுமணி. “அது குலைச்சா எங் கடைவரைக்கும் கேக்குமுங்க. நல்லா கணீர்னு குலைக்குமுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கமுத்துவுக்குத் தன் காது போய்விட்டது என்று தெரிந்தது. மூன்று மாதமாக ஒரு ஜீவன் அவர் முகத்துக்கு நேராக நின்று பேசியிருக்கிறது. அவர் அதை ஊமை என்று ஊரெல்லாம் சொல்லாமல் வேலுமணியிடம் மட்டும் சொன்னார், அது ஒன்றுதான் ஆறுதல். இன்று காலையில் கயிற்றை இழுத்துக்கொண்டு அது என்ன கத்துக் கத்தியிருக்கும் என்று நினைத்தபோது படியில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதார்.

“பேசோணும்னு சொன்னீங்களேக்கா” என்றார் பிறகு. “காலி பண்ணச் சொல்லத்தானே?”

“ஊசி போட்டாச்சான்னு கேக்கத்தான்” என்றார் நல்லம்மாள். “மூணு மாசமாச்சு, நாய்க்கு ஊசி போடாம வெச்சிருக்கறீங்களே. எனக்கு இன்னொருக்கா பதினாலு ஊசி தாங்காது. போயி அதக் கூட்டியாங்க மொதல்ல.”

பட்டறையில் பால் அப்படியே இருந்தது. அம்மிணி கயிற்றை முறுக்கி முறுக்கிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அவரைக் கண்டதும் மேலே ஏறி, முகமெல்லாம் நக்கி, வாயைத் திறந்து திறந்து மூடியது. அங்கமுத்து அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். ஒவ்வொரு தடவை வாய் திறக்கும்போதும் உள்ளே இருந்து ஏதோ வந்து கையில் இடித்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தார். அதுவும் வந்து இடித்தது. கை எடுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாட்டு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு, முதல்முறையாக முன்கேட் வழியாக அதைக் கூட்டிவந்தார். நல்லம்மாள் தன் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அம்மிணி கம்பி வரைக்கும் போய் மோந்து பார்த்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார், ஆனால் உள்ளே போய்விடவில்லை.

“இங்க பாருங்க தம்பி. கூடாதுன்னு சொன்னது நாந்தான். இதுக்கு மட்டும் நானே சொல்றேன், இருக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன். காலைல அது கத்தறத மட்டும் நிறுத்தீராதீங்க.”

மறுநாள் ஐந்தரைக்கு அங்கமுத்து பால் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி, இன்னும் புதுக்கதவு போடாத வாசல்படியில் கொண்டுவந்து வைத்தார். அம்மிணி துள்ளிக்கொண்டு வந்து, முன்வீட்டைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்தது, காப்பி தம்ளர் பிடித்த ஒரு கை கொஞ்சமாக வெளியே நீண்டு, கேட்டது என்பதுபோல் அசைந்தது. அங்கமுத்துவும் கையைத் தூக்கிக் காட்டினார்.